கப்பலேறிய கொள்ளுத்தாத்தா

ஊரான் வீட்டுக் கொள்ளுத்தாத்தாவைத் தன் கொள்ளுத்தாத்தா ஆக்கிக்கொள்வது பெரிய வித்தையில்லை என்பது ஸ்டுடியோக்காரரின் கட்சி. ஒரு பழைய கோட்டு, ஒரு ஒட்டு மீசை, கொஞ்சம் டீத்தண்ணீர் போதும். தன் முகத்தையே படமெடுத்து, பழுப்பேற்றி, ஓரத்தைச் செல்லரித்த மாதிரி கிள்ளிவிட்டார். மூக்கும் தாடையும் அச்சு அசலாக ஒத்துப்போயின. போகாமல் எங்கே போகும்?

அவருடைய ஸ்டுடியோ இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் செய்தித்தாளில் விளம்பரம். மாடிவீட்டுப் பெரியவர் கல்யாணம் காட்சி எதுவும் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். ரத்த உறவு யாராவது ஆறு மாதத்துக்குள் வந்தால் மூன்று மாடி வீடு அவருக்கு. வராவிட்டால் தெருக்கோடி நூலகத்துக்கு என்று உயில்.

"கரையான் தின்கிற புஸ்தகத்துக்கு மூணு மாடியா! புத்தி கெட்ட மனுஷன்!" என்று ஸ்டுடியோக்காரருக்கு வயிறு எரிந்தது.

உறவுக்கு எங்கே போவது? இணையம்தான் இருக்கிறதே. பெரியவரின் தம்பி மனைவி, தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தே ஓய்வு பெற்றவர், பதினைந்து வருஷமாக அங்கே குடும்ப மரம் ஒன்றை வளர்த்து வந்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தெரிந்ததைச் சேர்க்கலாம். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நானூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டார்கள். பாதிப் பேர் தளபதி, மீதிப் பேர் கவிஞர். ஆடு திருடி மாட்டிக்கொண்ட தாத்தா ஒருத்தர்கூட இல்லை. அப்படிப்பட்டவர் எந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறார்?

ஸ்டுடியோக்காரர் கிளைகிளையாகத் தாவி, பெரியவருடைய தாத்தாவின் தம்பியிடம் வந்து நின்றார். ‘பதினேழு வயதில் அண்ணனோடு சண்டை போட்டுக் கப்பலேறினார். பிறகு தகவல் இல்லை.’

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவருடைய கொள்ளுப்பேரனாகிவிடுவது என்று அன்றே முடிவாயிற்று.

"வாங்க, உட்காருங்க" என்றார் மரம் வளர்த்த அந்த அம்மாள். மாடிவீட்டு முன்னறை மேஜை நிறையக் கோப்புகள். பக்கத்தில் வக்கீல். அம்மாளின் மூக்குக்கண்ணாடி கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கியது. இதை ஏமாற்றவா எட்டு நாள் ஒத்திகை பார்த்தோம் என்று ஸ்டுடியோக்காரர் மனசுக்குள் சிரித்தார்.

"முறைக்கு நீங்க எனக்குச் சித்தி ஆகணும்" என்று குழைந்தார்.

"அடடே, முறையெல்லாம் சரியா சொல்றீங்களே! சின்னத் தாத்தாவைப் பத்தி உங்க வீட்ல என்ன பேசிக்குவாங்க?"

"ரொம்ப ரோஷக்காரர், சித்தி. அண்ணன் கை நீட்டிட்டாராம். அந்த வருத்தம் சாகிற வரைக்கும் போகலை."

வக்கீல் எழுதிக்கொண்டார்.

"ஒரு கால் லேசா தாங்கித் தாங்கி நடப்பாராமே?"

மரத்தில் இது இல்லையே! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். "ஆமா சித்தி, இடது கால். அதைப் பத்திப் பேசினா அவருக்குப் பிடிக்காது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும், தெரியும்" என்ற அம்மாள் படத்தை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அட, உங்க மூக்கேதான்!"

"ரத்தமாச்சே, சித்தி." குரல் தழுதழுத்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட வந்தது. தன் திறமையைப் பார்த்து அவரே அசந்துபோனார்.

பதினைந்து வருஷமாகச் செத்தவர்களைத் தேடி என்ன பிரயோஜனம், உயிரோடு எதிரில் இருப்பவனை எடைபோடத் தெரியவில்லையே இந்த ஜென்மத்துக்கு! கீழே ஸ்டுடியோ, மேலே குடித்தனம். முதல் வாரமே இந்தச் சித்தியைக் கோப்புகளோடு வெளியே அனுப்பிவிட வேண்டும்.

வக்கீல் உறுதிமொழிப் பத்திரத்தை வாசித்தார். கப்பலேறியவரின் நேரடிக் கொள்ளுப்பேரன் நான், இது பொய்யென்றால் சிறைத் தண்டனைக்குச் சம்மதம் என்று இருந்தது. ஸ்டுடியோக்காரர் கையெழுத்துப் போட்டு, அடியில் அழகாக ஒரு கோடும் இழுத்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்று எழுந்தார் அம்மாள். "உள்ளே உங்க பங்காளிங்க காத்துட்டு இருக்காங்க. வாங்க, பார்த்துடலாம்."

"பங்காளிங்களா? எத்தனை பேர்?"

"மூணு பேர். எல்லாரும் அதே சின்னத் தாத்தா வழிதான்."

அடப்பாவி மனுஷா, போன இடத்தில் சும்மா இருக்கவில்லையா நீ! மாடி மூன்று, பங்கு நாலு.

உள்ளறையில் மூன்று பேர் சுவரோரமாகத் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பழுப்புப் படம் மடியில். ஒன்றில் தாத்தாவுக்கு வழுக்கை, ஒன்றில் தாடி, இன்னொன்றில் சோடாப்புட்டிக் கண்ணாடி. ஜன்னலோரம் ஒரு இன்ஸ்பெக்டர் கைகட்டி நின்றார்.

ஸ்டுடியோக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. "சித்தி, இவங்களை நம்பாதீங்க! அத்தனையும் ஃபிராடு! எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வழுக்கையே கிடையாது! இன்ஸ்பெக்டர் சார், விடாதீங்க இவங்களை!"

"விடமாட்டார்" என்றார் அம்மாள், கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி.

"என் மரத்தைக் காப்பியடிச்சுத் தங்களுதுன்னு போட்டுக்கிறவங்களைப் பிடிக்க நானே எழுதிச் சேர்த்த ஆள் அந்தச் சின்னத் தாத்தா, கப்பலேறவும் இல்லை, பிறக்கவும் இல்லை, ஆனா பாருங்க, உங்களோட சேர்த்து நாலு கொள்ளுப்பேரன்!"