ஒரு பேப்பர் பாக்கி

"உங்க பொண்ணு மூணு வருஷம் காலேஜுக்குப் பஸ்ல போனதை நானே பார்த்திருக்கேன். அப்புறம் எப்படி இவன் முதல் பட்டதாரி ஆவான்?"

வி.ஏ.ஓ. நிர்மலா பிச்சைமுத்துவிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற மகன் இளஞ்செழியன் முந்திக்கொண்டான்.

"அக்கா படிக்கப் போச்சு மேடம். ஆனா முடிக்கல. அரியர்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. போன வருஷம் ஒருத்தன் அண்ணன் பி.ஏ. முடிச்சதை மறைச்சு சர்டிபிகேட் வாங்கிட்டான். மெமோ எனக்கு வந்துச்சு. வீட்ல ஒரே ஒருத்தர் டிகிரி வாங்கியிருந்தாலும் நான் இதை அனுப்ப முடியாது."

இளஞ்செழியனுக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணம் கிடையாது. இல்லாவிட்டால் நாலு வருடத்துக்கு லட்சத்தைத் தொடும். விடுதிக்கும் சாப்பாட்டுக்குமே பிச்சைமுத்து கறவை மாடு இரண்டையும் விற்றாகிவிட்டது. மரவள்ளி பிடுங்கப் போனால் நாளுக்கு ஐநூறு ரூபாய் கிடைக்கும், அதுவும் வேலை இருக்கிற நாளில்.

சான்றிதழை நாளை மாலைக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும்.

"சங்கராபுரம் தாலுக்கா ஆபீஸ்ல எனக்கு மீட்டிங். பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவேன். அதுக்குள்ள பொண்ணு மார்க் ஷீட்டோட வரட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்."

மணி பத்தே முக்கால். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா தனுஷாவுக்கு இளஞ்செழியன் போன் போட்டான்.

"மார்க் ஷீட்டு வூட்ல எங்க இருக்குதுக்கா? நான் போய் எடுத்துக்கினு வர்றேன்."

"நீ தேடாத. லீவு சொல்லிட்டு நானே வந்து எடுத்துக்கினு வர்றேன்."

பதினொன்றரை ஆனது. பதினொன்றே முக்காலும் ஆனது. நிர்மலா லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தார். பிச்சைமுத்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிசம் மேடம். பஸ்ஸு வந்துரும்."

பயிர் அடங்கல் சான்று வாங்க வந்து உட்கார்ந்திருந்த தனசேகரன், ஊரில் பத்து ஏக்கர் கரும்பு வைத்திருப்பவர், சும்மா இருக்கவில்லை.

"இன்னா பிச்சைமுத்து, கவர்மென்ட் காலேஜ்ல பீஸு கெடையாது. அதான் உம் பொண்ணுக்கு அரும தெரியல. நான் அஞ்சு லட்சம் கட்டிப் படிக்க வச்சேன். என் பொண்ணு ஒரு பேப்பர் உட்டுச்சா?"

"பீஸு இல்லன்னா சும்மாவாங்க? மூணு வருசம் என்கூட வேலைக்கு வந்திருந்தா ரெண்டு லட்சமாவது வூட்டுக்கு வந்திருக்கும். அதையும் உட்டேன், பாஸும் ஆவல." பிச்சைமுத்துவின் குரல் உயர்ந்தது. "கூடப் படிச்சவ பேங்க்ல இருபத்தஞ்சாயிரம் வாங்குறா. இவ ஒம்பதாயிரத்துக்குப் புடவை மடிச்சுக்கினு கெடக்குறா."

அந்த நேரம் தனுஷா உள்ளே வந்தாள். கடைச் சீருடைப் புடவை வியர்வையில் நனைந்திருந்தது. அப்பா சொன்னது காதில் விழுந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரை நேராக நிர்மலாவின் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு வருஷமா எழுதச் சொல்லிக்கினு இருக்கோம் மேடம். இது எழுதவே மாட்டேங்குது" என்றான் இளஞ்செழியன்.

நிர்மலா ஒவ்வொரு மதிப்பெண் பட்டியலாகப் புரட்டினார். கடைசித் தாளில் கொஞ்ச நேரம் நின்றார். நிமிர்ந்து தனுஷாவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

பிச்சைமுத்து மேசையை ஒட்டி வந்து நின்றார்.

"ஆடிட்டிங் பேப்பர் பாக்கி இருக்கு. டிகிரி வாங்கல. சரி."

லேப்டாப் மறுபடி வெளியே வந்தது. நாலைந்து தடவை தட்டினார்.

"ஆர்.ஐ.க்கு அனுப்பிட்டேன். சாயங்காலம் தாசில்தார் ஆபீஸ்ல போய்ப் பாருங்க. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு எனக்குக் குடுத்துட்டுப் போங்க."

பிச்சைமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். தனசேகரன்கூட, "பொழச்சடா தம்பி" என்றார்.

ஜெராக்ஸ் எடுக்க அப்பாவோடு ஓடிய இளஞ்செழியன் வாசலில் நின்று திரும்பிச் சிரித்தான்.

"நல்லவேளக்கா, நீ பெயிலான. இல்லாட்டி நான் மாட்டியிருப்பேன்."

தனுஷாவும் சிரித்தாள். பட்டியல்களை அடுக்கிக் கவரில் போட்டுக்கொள்ளக் கை நீட்டினாள். நிர்மலா கொடுக்கவில்லை.

"ஆறு செமஸ்டர்லயும் எண்பதுக்குக் கம்மியா ஒண்ணுகூட இல்ல. இந்தப் பேப்பர்ல நீ பெயிலும் இல்ல, ஆப்சென்ட்னு போட்டிருக்கு. அன்னைக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருந்தேன் மேடம். ஹால் டிக்கெட்டோட வாசல் வரைக்கும் போனேன்."

"அப்புறம் ஏன் எழுதல?"

தனுஷா வெளியே எட்டிப் பார்த்தாள். தம்பி எதிர்க்கடையில் நின்றிருந்தான். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அந்த மாசந்தான் தம்பி இஞ்சினியரிங்தான் படிப்பேன்னு சொன்னான். உள்ள போயிருந்தா நான் பாஸாயிருப்பேன் மேடம்."