கூப்பிடு தூரம்

முகாமிலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்று கேட்டார்கள்.

அவளுக்கு மீட்டர் தெரியும். சட்டைத் துணி மீட்டரில்தான் வாங்குவாள். ஊரை ஒருநாளும் அப்படி அளந்ததில்லை.

கூப்பிடு தூரம் என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் பெண் தடுமாறினாள். இந்தக் குளிர்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"கூப்பிட்டா கேக்கிற தூரமோ அம்மா? மீட்டரில சொல்லட்டாம்."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காத்திருந்தார். பொறுமையான மனிதர். ஒருமுறைகூட அவளை அதட்டவில்லை. அவருக்குப் பின்னால், ஹெட்போன் மாட்டியபடி ஒரு கிழவர். பதினாறு வருடங்களுக்கு முன் அவளுடைய ஊரான நாவற்கேணியை நோக்கி நின்ற பீரங்கிகளுக்கு அவர்தான் கட்டளையிட்டார் என்பது வழக்கு.

நாவற்கேணியில் மிட்வைஃபாக இருந்தவள் புனிதவதி. அன்று காலை அவள் செய்தது ஒன்றுதான். யசோதினி முதல்நாள்தான் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுடைய வீடு இயக்கத்தின் முகாமை ஒட்டி இருந்தது. அங்கே இருப்பது ஆபத்து என்று தாயையும் பிள்ளையையும் எழுப்பி, வாசிகசாலைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கட்டிலில் படுக்கவைத்தாள். தண்ணீர் அள்ளப் பொதுக்கிணற்றுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது வீடு இல்லை.

முகாமை ஒட்டிய வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை.

இதையெல்லாம் காலையிலிருந்து சொல்லி முடித்திருந்தாள். யார் கூட்டிவந்தது என்று கேட்டார்கள். நான் என்றாள். யார் சொல்லி என்று கேட்டார்கள். ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றாள்.

எழுதிக்கொண்டார்கள்.

இப்போது திரையில் ஒரு படம் வந்தது. வானத்திலிருந்து எடுத்தது. ஊர் உள்ளங்கை அளவில் கிடந்தது. முகாமை நடுவில் வைத்துச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

வழக்கறிஞர் விளக்கினார். ஷெல் குறிவைத்த இடத்திலேயே விழுவதில்லை. இருநூறு மீட்டர் வரை விலகலாம் என்று அவர்களுடைய நிபுணர் சொல்லியிருக்கிறார். வட்டத்துக்குள் விழுந்தது முகாமுக்கு அடித்ததாக இருக்கலாம். அதற்கு வெளியே விழுந்ததுதான் கேள்வி.

வட்டத்தின் கோடு வாசிகசாலைக்குப் பின்னால் போனது. அங்கே நாலைந்து அத்திவாரங்கள். எது அவளுடையது என்று படத்தில் தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறார்கள்.

புனிதவதி அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே என்றால், யசோதினியைக் கொல்ல யாரும் நினைக்கவில்லை. புனிதவதிதான் அவளை இன்னும் கொஞ்சத் தூரம் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

வெளியே என்றால், ஒரு நாள் வயதுப் பிள்ளை படுத்திருந்த வீட்டுக்கு யாரோ தெரிந்தே அடித்திருக்கிறார்கள்.

எது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவது? அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் மாறிமாறி ஆசைப்பட்டாள்.

"அப்ப அந்தப் பிள்ளைய நான் எங்க கொண்டுபோய் வச்சிருக்க வேணும்?"

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னாள். கிழவர் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். தலைமை நீதிபதி ஒரு பெண். சாட்சி கேள்வி கேட்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம் என்றார்.

தெரியாது என்றாள்.

சாட்சியம் முடித்தவர்கள் விரும்பினால் பின்வரிசையில் இருக்கலாம். அவள் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து குகதாசனை அழைத்தார்கள். யசோதினியின் புருஷன்.

அவள் சொன்னது எதையும் அவன் கேட்டிருக்க முடியாது. அதுவரை வேறோர் அறையில் வைத்திருந்தார்கள். யாரிடமோ இரவல் வாங்கிய கோட் தோளில் நிற்காமல் சரிந்தது. இத்தனை வருடங்களில் இரண்டுமுறை அவளுடன் தொலைபேசியில் பேசியிருக்கிறான். இரண்டுமுறையும் அவளுடைய முழங்கால் வலியைத்தான் விசாரித்தான். யசோதினி ஏன் அந்த வீட்டில் இருந்தாள் என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அதை இப்போது வழக்கறிஞர் அவனிடம் கேட்டார்.

குகதாசன் சரிந்த கோட்டைத் தோளுக்கு இழுத்துவிட்டான்.

"நான்தான் போகச் சொன்னனான். மிட்வைஃப் அக்கா வேண்டாமெண்டு மறிச்சவ. நான் கேக்கேல்ல."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அதை அப்படியே சொன்னாள்.

புனிதவதிக்கு விளங்கவில்லை.

அன்று விடிய முன்னமே அவன் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கப் போய்விட்டான். அவள் போனபோது வீட்டில் யசோதினி மட்டும்தான். நன்றாக நினைத்துப் பார்த்தாள். வாசல் படலையடியில் அவனும் நிற்பதுபோல் ஒருமுறை தெரிந்தது. மறுபடி பார்த்தபோது இல்லை.

நீதிபதி பேனாவை வைத்தார். முன்னால் இருந்த தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். புனிதவதியின் சாட்சியத்தில் ஓர் இடத்தில் விரல் வைத்து நிறுத்தி, வாசித்தார். தலை நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தார்.

குகதாசன் திரும்பவில்லை.

புனிதவதி எழுந்து நின்றாள்.

அவளை யாரும் எழும்பச் சொல்லவில்லை.