சீப்புக்காரர் காட்டிய கிழிசல்

"அங்கே ஏன் மேடம் தேடறீங்க? கிழிசல் இங்கே இருக்கு" என்றார் சீப்புக்காரர்.

செயற்கைப் புல் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டிருந்த பரிசோதகர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருடமாக இந்த மாதிரி மைதானங்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவர் அவர். கிழிசலை மறைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டுக் காட்டுகிறவரை இன்றுதான் பார்க்கிறார்.

சீப்புக்காரர் என்பது அங்கே கால்பந்து விளையாட வரும் பெண்கள் வைத்த பெயர். சின்ன டிராக்டரின் பின்னால் நீளமான பிரஷ்ஷைக் கட்டி இழுத்து, படுத்துப்போன புல்லைத் தினமும் வாரி நிமிர்த்தி வைப்பது அவர் வேலை. சொந்தத் தலையில் வாருவதற்கு ஒரு முடி கிடையாது. அதனாலேயே பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அவர் குனிந்து, இரண்டு புல் விரிப்புகள் சேரும் இடத்தை விரலால் நெம்பிக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குப் பசை விட்டிருந்தது. பரிசோதகர் அளந்து குறித்துக்கொண்டார். வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"கோல் போஸ்ட் பக்கம் வாங்க. அங்கே தரை கல்லாட்டம் கிடக்கு."

பரிசோதகருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மற்ற மைதானங்களில், கிழிந்த இடத்தின் மேல் பெஞ்சைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். மோசமான மூலைக்கு அவர் போகிற நேரம் பார்த்து டீயும் பிஸ்கட்டும் வரும். இந்த மனிதர் தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்கவில்லை, குறை குறையாகக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கோல் போஸ்ட்டின் முன்னால் ஆழம் அளக்கும் ஊசியை இறக்கிப் பார்த்தார் பரிசோதகர். விழுகிறவர்களுக்கு மெத்தையாக இருக்க வேண்டிய ரப்பர் துகள் பாதிகூட இல்லை. தரை எவ்வளவு கடினம் என்று அளக்க, முக்காலிக் கருவியை நிறுத்தி அதிலிருந்து எடையைக் கீழே விட்டார். கருவி காட்டிய எண் எல்லையைத் தாண்டிவிட்டது.

மேனேஜரோடு ஏதாவது சண்டையா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, அவர் நல்ல மனுஷர், துகள் கேட்டால் மட்டும் அடுத்த மாதம் என்பார் என்றார் சீப்புக்காரர். புது விரிப்பு கிடைக்கும் என்ற ஆசையோ? இந்த விரிப்பே ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நாலு வருடம் வரும் என்று அவர் கோபித்துக்கொண்டார். ஒருவேளை வேலையை விடப் போகிறாரோ? அவருக்கு வேறு வேலை தெரியாதாம்.

"இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை பதினாறு டீம் பொண்ணுங்க விளையாட வர்றாங்க. நான் ஃபெயில்னு எழுதினா போட்டி வேற மைதானத்துக்குப் போயிடும். சரி பண்ற வரைக்கும் இதை மூடிடுவாங்க. உங்களுக்கும் வேலை இருக்காது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"ஓரத்துல குவிஞ்சு கிடக்கற துகளை நேத்து இங்கே வாரிப் போட்டிருந்தா இன்னிக்குப் பாஸ் ஆகியிருக்கும்."

"ஆகியிருக்கும். ரெண்டு நாள் ஆடினா மறுபடி ஓரத்துக்கே ஓடியிருக்கும். விழுற பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அது நியாயமான பதில்தான். ஆனால் முழுப் பதில் இல்லை என்று பரிசோதகருக்குப் பட்டது. அவருக்கு யார் பேச்சையும் நம்பிப் பழக்கமில்லை, அதைச் சீப்புக்காரரிடமே சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மைதானத்துக்காரர், தரை அருமையாக இருக்கிறது என்று சத்தியம் செய்தார். அதை நம்பிப் பரிசோதகர் தன் மகளை ஆட அனுப்பினார். பிரிந்து கிடந்த விரிப்பில் கால் மாட்டி விழுந்தாள், முழங்காலில் இரண்டு ஆபரேஷன். அன்றிலிருந்து, மழை பெய்கிறது என்று கணவர் சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

சீப்புக்காரர் தலையை ஆட்டினார். புதிதாகக் கேட்கிறவர் முகமாக அது இல்லை.

பரிசோதகர் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நேர்மையாக நடந்துகொண்ட ஒரே ஆளுக்கா இதை எழுத வேண்டும்? சீப்புக்காரர் பேனாவை வாங்கி, ஒரு வார்த்தை வாதாடாமல் அவருக்கான இடத்தில் கையெழுத்திட்டார்.

கருவிகளைப் பெட்டியில் அடுக்கியாயிற்று. ஆனால் காரில் ஏறினால் வழியெல்லாம் இதே யோசனையாகத்தான் இருக்கும் என்று பரிசோதகருக்குத் தெரியும். திரும்பி வந்தார்.

"எழுதிக் கொடுத்தாச்சு. இனிமே நீங்க என்ன சொன்னாலும் அது மாறாது. இப்பவாவது சொல்லுங்க. எதுக்காக எல்லாத்தையும் நீங்களே காட்டினீங்க?"

சீப்புக்காரர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் இல்லாத தயக்கம் இப்போதுதான் அவரிடம் வந்தது.

"கையெழுத்து ஆகட்டும்னுதான் மேடம் நானும் காத்திருந்தேன். உங்க பொண்ணும் என் பையனும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பறாங்க, நாளைக்கு நாங்க உங்க வீட்டுக்குப் பேச வர்றோம். என் பையன் நல்லவன்னு நான் சொல்லும்போது நீங்க நம்பணும் இல்லையா?"