முன்கையில் ஒரு ஊர்

"உங்க மதராஸி ஆளுங்க ஜெயிலுக்குள்ள கேங் கட்டறாங்க சார்" என்றார் சூப்பரின்டெண்ட்.

கஸ்தூரிரங்கனுக்குச் சுருக்கென்றது. சர்க்கார் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே பாவத்துக்காக, எண்பத்துமூணு ஜனவரிக் குளிரில் அவரை அந்த டெல்லி ஜெயிலுக்கு அனுப்பியிருந்தார்கள்.

சூப்பரின்டெண்ட் அமெரிக்க ஜெயில்களில் பயிற்சி முடித்துத் திரும்பியவர். பார்த்ததை யாரிடமாவது இறக்கிவைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"அங்கேயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரே நிறம், ஒரே பாஷை ஆளுங்க பயந்துபோய் ஒண்ணு சேருவாங்க. அப்புறம் கேங்குக்கு ஒரு பேரு, ஒரு தலைவன், உடம்புல பச்சை குத்திக்கறது. கடைசியில கத்தி. இங்க இவனுங்க கையிலயும் பச்சை. கேட்டா ஊர்ப் பேருங்கறான். படிச்சுச் சொல்லுங்க. கேங்னா ஆளுக்கொரு கொட்டடியில போட்டுடறேன்."

"தாராளமாப் பிரிச்சுப் போடுங்கோ."

வந்த இடத்தில் மானத்தைக் கப்பலேற்றிவிட்டான்களே என்று அவருக்கு எரிச்சல்.

தமிழ்க் கைதிகள் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் ஆள் கம்பளியை விலக்கிக் கையை நீட்டினான். 'அய்யாசாமி, கருப்பன் மகன், ஆலம்பட்டி.' அடுத்தவன் கையில், 'கலியமூர்த்தி, மேலத்தெரு, நெய்க்குப்பை.'

"என்னய்யா இது, கையிலேயே ரேஷன் கார்டா?"

அய்யாசாமிதான் பேசினான். "போன வருசம் எங்க செல்வராசு காய்ச்சல்ல செத்துட்டான் சார். ஜெயில் ரிஜிஸ்தர்ல அவன் ஊரு மதராஸ்னு மட்டும் எழுதியிருந்துச்சு. எங்க எல்லாருக்குமே அப்படித்தாங்க. யாருக்குச் சொல்லி அனுப்புவாங்க? நாங்க விவரம் சொல்றதுக்குள்ள அநாதைப் பொணம்னு எரிச்சுட்டாங்க. எங்க சேதியாவது ஊர் போய்ச் சேரட்டும்னு எங்கள்ல மூத்தவரு, பெரியண்ணன்தான் ஊசியால குத்திவிட்டாரு."

கஸ்தூரிரங்கன் இந்தியில் எடுத்துச் சொன்னார்.

"அச்சா. அப்ப குத்திவிட்ட தலைவன் மட்டும் ஏன் கையை மூடிட்டு நிக்கறான்?"

கடைசியில் நின்ற பெரியண்ணன் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டான். கஸ்தூரிரங்கனுக்கு மறுபடி சந்தேகம் தட்டியது.

"காட்டுய்யா."

தயங்கித் தயங்கி நீட்டினான். 'செல்வராசு, புளியஞ்சோலை.'

"இது செத்துப்போனவன் பேராச்சே?"

"ஆமாங்க. சித்திரையில எனக்கு விடுதலை. அவன் சம்சாரம் இன்னும் வழி பாத்துக்கிட்டிருக்கும். கடுதாசியில சொல்ற சேதியாங்க அது? நேர்ல போய்ச் சொல்லணும். எனக்கு வயசாச்சு, ஊர்ப் பேரு மறந்துடக் கூடாதில்ல."

இதையும் கஸ்தூரிரங்கன் இந்தியில் சொன்னார். சூப்பரின்டெண்ட் வார்டரைப் பார்த்து, "எல்லாரும் ஒரே இடத்துல இருக்கட்டும்" என்றார்.

கஸ்தூரிரங்கன் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ உன் ஊரை எங்கய்யா குத்திண்டிருக்கே?"

பெரியண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டான்.

"எனக்கு மதராஸே போதுங்க. நான் செத்தா யாருக்குச் சொல்லி அனுப்பணும்?"