நீளமான கையெழுத்து

திரவியத்தின் போட்டோ ஸ்டுடியோக் கணினிக்குள் காவல் நிரல் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வரும் மென்பொருள் பொதிகளை நிறுத்தி, அனுப்பியவரின் டிஜிட்டல் கையெழுத்து அசலா என்று பார்த்த பிறகே உள்ளே விடுவது அதன் வேலை. தன்னை யாரும் ஏமாற்றியதில்லை என்று அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கையெழுத்தை வைத்துப் பார்க்க, கணினியின் நினைவகம் அதற்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தது. பக்கத்துப் பெட்டியில், காவல் நிரல் அடுத்துச் செய்யவேண்டிய கட்டளை இருந்தது.

ஒருநாள் வந்த பொதியின் கையெழுத்து இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது.

"அண்ணே, பெட்டி கொள்ளாது. முதல்ல நீளத்தைப் பாருங்க," என்றது நினைவகம்.

"முழுசாப் படிக்காம எதையும் நான் திருப்பி அனுப்பினதில்ல. நீ சும்மா இரு."

பெட்டி நிரம்பி, மிச்சக் கையெழுத்து பக்கத்துப் பெட்டிக்குள் வழிந்தது. அங்கிருந்த கட்டளையை அழித்துவிட்டு அந்த இடத்தில் அதுவே உட்கார்ந்துகொண்டது. காவல் நிரல் வழக்கம்போல அடுத்த கட்டளையை எடுத்தது. 'கதவைத் திற' என்றிருந்தது. திறந்துவிட்டது.

உள்ளே புகுந்த பொதி, எத்தனையோ கல்யாணப் படங்களைத் துடைத்தெடுத்தது. ஒரு மணப்பெண் தன் அப்பாவோடு எடுத்துக்கொண்ட கடைசிப் படமும் அதில் போயிற்று.

"போலின்னு பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு," என்றது காவல் நிரல். "அப்பவே நிறுத்தியிருக்கலாம்."

"நானும் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம் அண்ணே," என்றது நினைவகம். "நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."