தூய மெட்டல் குழு

"கீபோர்டு வந்துட்டா அது மெட்டலே இல்ல," என்றான் ஹெவி மெட்டல் ராக் இசைக்கான 'தூய மெட்டல்' வாட்ஸப் குழுவின் அட்மின் சேரன். மெட்டாலிகாதான் பெரிய பேண்டு என்று சொன்ன ஒன்பது பேரை அவன் ஏற்கெனவே நீக்கியிருந்தான்.

பக்கத்தில் பீங்கான் பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்த நண்பன் திருமால் நிமிர்ந்தான். "கீபோர்டு இருந்தாலும் நான் அனுப்புன பாட்டு மெட்டலுதான்டா."

சேரன் அவனையும் நீக்கினான்.

"இனிமே குரூப்புல யாருகிட்ட பேசுவ?"

"இன்னும் ஒருத்தவங்க இருக்காங்க. நான் எது போட்டாலும் கட்டைவிரல் காட்டுவாங்க. விருத்தாசலத்துலயே மெட்டல் தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்குத்தான்."

வீட்டில் அம்மா தோசையைத் தட்டில் வைத்தபடி சொன்னாள்: "நீ சொன்ன மாதிரியே எல்லாத்துக்கும் கட்டைவிரலை அமுக்கிட்டேன். ஆனா திருமாலு அனுப்புன பாட்டுதான்டா கேக்க நல்லா இருந்துச்சு."

இரண்டாவது தோசையை வாங்கிக்கொண்ட பிறகு, சேரன் அம்மாவையும் நீக்கினான்.