வெங்காயத்துக்கு இடுப்பு வலி

லாரியின் பின்பக்கம் ஜாக்கியில் ஏறி நின்றது. அடியில் மெக்கானிக் மீரான் பாயின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏலே மூக்கையா, வெங்காய லாரிக்குப் போயி எவனாச்சும் பின்னாடி ஷாக் அப்சார்பர் மாட்டுவானாலே? வெங்காயத்துக்கு என்ன, இடுப்பு வலியா?"

பேகம்பூர் பட்டறையே சிரித்தது. லாரிக்காரன் மூக்கையாவும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான். காரணத்தைச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பார்கள்.

பட்டாளத்தில் கழித்துப்போட்ட லாரி அது. தோட்டத்துப் பாதையில் அடி தட்டாமல் இருக்கவும், பாரம் தாங்கவும், ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகளைச் சொருகிப் பின்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தான். மூட்டை ஏற்றினால் சாதுவாகப் போகும். காலியாகத் திரும்பும்போதுதான் சனியன் பிடிக்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும்.

அந்தத் துள்ளலில்தான் சேவுகம்பட்டிப் பெண்கள் தினமும் வீடு திரும்பினார்கள். பகலெல்லாம் திண்டுக்கல் மண்டியில் வெங்காயத்துக்குத் தாள் அறுத்துத் தரம் பிரித்துவிட்டு, சாயங்காலம் அவனுடைய காலி லாரியில் வெறும் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளத்துக்குப் பள்ளம் மூக்கையாவின் பரம்பரையையே இழுத்து வைவார்கள்.

பேச்சாயி மட்டும் உட்காருவதில்லை.

டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கம்பி ஜன்னலைப் பிடித்தபடி ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வருவாள். ஏன்டி என்று கேட்டால், "உக்காந்தா தூக்கிப் போடுதுக்கா" என்பாள்.

மூக்கையாவின் கண்ணாடியில் தெரிவதெல்லாம் அவள் கைதான். கம்பியைச் சுற்றிய விரல்கள், இரண்டு பச்சை வளையல், நகக்கண்ணில் வெங்காயக் கறை. தை மாதத்திலிருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறான். பெண் கேட்டு ஆள் அனுப்புவது பெரிய காரியமில்லை. அவளுக்கு இஷ்டமா என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். செம்பட்டி வரும், சேவுகம்பட்டியும் வந்துவிடும், வாய் மட்டும் திறக்காது.

லாரி துள்ளும்போதெல்லாம் அந்த விரல்கள் கம்பியை இறுக்கும். அவனுக்கு உயிரே போய்விடும். நாள் முழுக்க இடுப்பொடிய வேலை பார்த்தவளை இப்படி நிற்கவைத்துக் கூட்டிப்போகிற பாவி, எந்த முகத்தோடு கேட்பது? முதலில் அவள் உட்காரட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அதற்காக மதுரைக்குப் போய், பழைய பட்டாளச் சாமான் கடையில் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடியைத் தேடிப்பிடித்து வந்தான். உயர்த்திய லாரிக்கு அது எட்டவில்லை. மீரான் பாய் திட்டிக்கொண்டே இரும்புத் துண்டு வெட்டிப் பற்றவைத்து நீட்டினார். சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டையும் நிறுத்திப் போல்ட்டுகளை முறுக்கினார். ஜாக்கியை இறக்கியதும் பின்னால் ஏறி ஒரு குதி குதித்தார். லாரி ஒருமுறை அமுங்கி எழுந்து, அப்படியே நின்றது.

"போ அப்பு, இனி உன் வெங்காயம் தூங்கிக்கிட்டே போகும்."

சாயங்காலம் பெண்கள் ஏறினார்கள். திண்டுக்கல்லைத் தாண்டியதும் முதல் பள்ளம். மூக்கையா மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினான். வண்டி இறங்கியது, ஏறியது, அடங்கியது. பின்னால் ஒரு வசவும் இல்லை.

"அடி ஆத்தி, மெத்தையில்ல போட்டிருக்கான்!" கூட்டத்தில் மூத்தவளான செபாஸ்தியம்மாளின் குரல். "ஏ பேச்சாயி, இனி உனக்கு என்ன கேடு? உக்காருடி."

கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. பேச்சாயி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று மூக்கையா கண்ணாடியைப் பார்த்தான். வெறும் கம்பியும் வானமும் தெரிந்தன.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாளைக்கும் இப்படித்தான், அதற்கு மறுநாளும் இப்படித்தான். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவளை வண்டியின் கடைசி மூலைக்கு அனுப்பிவைக்க அவனே மதுரை வரைக்கும் போய்வந்திருக்கிறான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். திரும்பப் போய் இதைக் கழற்றுங்கள் என்று சொன்னால் மீரான் பாய் ஸ்பானராலேயே அடிப்பார். ஆண்பிள்ளை என்பதை மறந்து அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செம்பட்டி தாண்டியது. அங்கிருந்து புதுத் தார் ரோடு, வழவழவென்று போகும்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் கம்பி. கம்பியில் விரல்கள். பச்சை வளையல் இரண்டு.

"ஏன்டி, வண்டிதான் குதிக்கலையே. செத்த நேரம் உக்காந்து வந்தா என்ன?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"உக்காந்தா காத்து வரலக்கா."

திறந்த லாரி. ஆடிக் காற்று நாலு பக்கமும் புகுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் சாக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது.

மூக்கையா கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பேச்சாயி" என்றான், திரும்பாமலே.

ரோட்டில் ஒரு பள்ளம்கூட இல்லை. அந்த விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்தன.